முள் நடுவில், உப்பு சாம்பலில்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போனால் சாலையோரத்திலேயே உப்பளங்கள். புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. காலை வெயிலில் வரப்போரம் குவித்த வெள்ளை உப்பு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உப்பு வாரும் பெண்கள். எடுத்த படத்தைத் திரையில் பார்த்தால் உப்பு வெள்ளையாக இல்லை. அடுப்புச் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. பெண்ணின் முகமோ கண் எது, மூக்கு எது என்று பிரித்தறிய முடியாமல் கறுத்துப் போயிருக்கிறது. கேமராவில் பழுதில்லை. எடுத்தவரும் தவறேதும் செய்யவில்லை, சொல்லிக்கொடுத்தபடிதான் செய்திருக்கிறார்.

பழுது அந்தச் சொல்லிக்கொடுத்தலில் இருக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் லென்ஸ் மாற்றும் கேமராவைக் கற்க இரண்டு வாசல்கள் உண்டு. கல்யாண வேலைக்குப் போகும் ஸ்டூடியோ அண்ணன் ஒருவரோடு கூடப் போய், லைட் பிடித்து, பை தூக்கிக் கற்பது ஒன்று. யூடியூப் பார்த்துக் கற்பது இன்னொன்று. இரண்டிலும் முதல் பாடம் ஒன்றே: ‘ஆட்டோவை விடு, மேனுவலுக்கு வா.’ அடுத்து அபெர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. என்ற மூன்றையும் ஒரு முக்கோணமாக வரைந்து காட்டுவார்கள். அமெரிக்க ஒளிப்படக்காரர் பிரையன் பீட்டர்சன் 1990இல் வெளியிட்ட நூலில் பரவலாக்கிய படம் அது; இன்று உலகம் முழுக்க அரிச்சுவடி அதுதான்.

அந்த முக்கோணத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. மயிலம் முருகன் கோயில் பக்கம் விடியற்காலை முகூர்த்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55க்கு இழுத்தால் அபெர்ச்சர் எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 திறக்கும் லென்ஸைப் போட்டால் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐ.எஸ்.ஓ. 12800 கேட்ட காட்சி 1250இல் முடிந்துவிடும். தாலி கட்டும் கையில் புள்ளி புள்ளியாக இரைச்சல் படியாது. இந்தக் கணக்கு மனத்தில் ஏறியவர் மேல்மலையனூர் அமாவாசை இரவிலும் திணற மாட்டார். ஊஞ்சலில் அங்காளம்மன், கீழே ஆயிரக்கணக்கில் கற்பூரச் சுடர்: ஷட்டரை எவ்வளவு தாழ்த்தலாம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கை தானாகவே முடிவு செய்யும். 36 படத்தில் ரோல் தீர்ந்துவிடும் காலத்தில் இதைக் கற்கப் பணமும் பொறுமையும் நிறைய வேண்டியிருந்தது. இன்றைய கோப்பிலோ ஒவ்வொரு படத்தோடும் அதன் அளவுகள் பதிந்திருக்கின்றன. நேற்றைய தவறை இன்று எண்ணாகப் பார்க்க முடிவது பெரிய வரம்.

ஆனால் மேனுவலுக்கு வந்தவரிடம் அடுத்துச் சொல்லப்படுவது என்ன? ‘மீட்டர் முள்ளை நடுவில் நிறுத்து.’ பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கேமராவின் ஒளிமானி எதிரில் இருப்பது உப்பா, கரும்பாறையா என்று அறியாது. காட்சி மொத்தமும் சராசரியாக நடுச்சாம்பல் நிறம் என்றே அது கணக்குப் போடுகிறது. வெள்ளை உப்பைக் கண்டால் ‘வெளிச்சம் மிகுதி’ என்று குறைக்கிறது. உப்பு சாம்பலாகிறது, நடுவில் நிற்கும் மாநிற முகம் இன்னும் இருண்டு போகிறது. முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தியவர் ஆட்டோவின் முடிவைத் தம் விரலால் நிறைவேற்றியிருக்கிறார், அவ்வளவுதான். முள்ளை வலப்பக்கம் ஒன்றரை ஸ்டாப் தள்ளியிருந்தால் உப்பும் வெளுத்திருக்கும், முகமும் திரும்பியிருக்கும். எப்போது பூஜ்ஜியத்தை விட்டு விலகுவது என்பதே அடிப்படைப் பாடம். அதை இரண்டாம் வகுப்புக்கு ஒத்திப்போடுவது பெரிய குறை.

மாநிற முகம் இப்படி இருண்டு போவதற்கு ஒரு பின்கதையும் உண்டு. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்க்க அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல்லாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். சரியான தோல் நிறத்துக்கு அளவுகோலே அதுதான். நம் கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் முகத்தை ஃபோட்டோஷாப்பில் வெளுக்கும் பழக்கத்துக்கு ஊர் ஆசை பாதிக் காரணம். மாநிறத்துக்கு ஒளி அமைக்க யாரும் கற்றுத்தராதது மீதிக் காரணம்.

எந்த எண்ணாலும் தீராத இடமும் உண்டு. விழுப்புரம் – செஞ்சி வட்டாரத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலில் உச்சி வெயிலில் நின்று பார்க்கலாம். முகப்பின் துவாரபாலகர்களுக்கு ஒளி அளந்தால் உள்ளே கருமை. உள்ளே அளந்தால் வெளியே வெறும் வெள்ளை. முக்கோணத்தை எப்படித் திருப்பினாலும் இரண்டும் ஒரே படத்தில் அமையாது. வெயில் சாயும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்புக்கு முக்கோணத்தில் மூலை கிடையாது.

லென்ஸ் வாங்கும் அறிவுரையையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். ‘அம்பது வாங்கு, விலை குறைவு’ என்பார்கள். விலையைப் பொறுத்தவரை சரி. ஆனால் தொடக்கநிலை கேமராக்களின் சிறிய சென்சாரில் அது 75, 80 மில்லிமீட்டர் லென்ஸ் போல நடந்துகொள்ளும். மணப்பெண் அறையில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் இரண்டு பேருக்கு மேல் படத்தில் அடங்க மாட்டார்கள். 35 அங்கே உதவும்.

லென்ஸ் எட்டும் தொலைவு என்ற பேச்சு கடைசியில் கூவாகத்துக்குத்தான் இட்டுச்செல்கிறது. அந்த ஊர் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தாலும், விழுப்புரத்து விடுதிகள் சித்திரைப் பௌர்ணமிக்கு நிரம்புவது அங்குள்ள கூத்தாண்டவர் கோயில் திருவிழாவால்தான். கூத்தாண்டவரான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் தாலியறுத்து, வளையல் உடைத்து அழும்போது எதிரே லென்ஸ்கள் சுவர்போல நிற்கின்றன. 70-300 லென்ஸ் அனுமதி கேட்காமலே கண்ணீர் வரை போய்விடுகிறது. பயிற்சிக்கென்று அங்கே வரும் மாணவருக்கு ஷட்டர் வேகம் சொல்லித் தரப்படுகிறது. அழுகிறவர் தன்னை எடுக்கச் சம்மதித்தாரா என்ற கேள்வி பாடத்தில் இல்லை. இந்த விடுபடல் எளிதில் மன்னிக்கக்கூடியதல்ல.

வேறு வழியும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கடல்பாசி எடுக்கும் பெண்களையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் படமெடுத்தவர் பழனிக்குமார். 2022இல் தயாநிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருது பெற்றவர். அவர் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமரா கற்றுத்தருகிறார். தம் தெருவை, தம் வீட்டை, தம் அம்மாவின் வேலையை எடுக்கும் பிள்ளைக்கு, எதிரில் நிற்பவரின் பெயர் முதலிலேயே தெரிந்திருக்கும்.

மரக்காணத்துக்கும் அப்படிப் போகலாம். முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுப் பாத்தியில் இறங்கிப் பேசலாம். மறுநாள் 35 லென்ஸோடு, முள்ளை நடுவிலிருந்து வலப்பக்கம் தள்ளி, ஒரே முகத்தை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் எடுக்கலாம். அடுத்த வாரம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்து, உப்பும் முகமும் சரியாக வந்திருக்கிறதா என்று கேட்கலாம்.