புள்ளியின் மூன்று பொருள்: மட்டாஞ்சேரிச் செப்பேடும் கணினிப் பதிப்பும்

தமிழ்ப் பதிப்புலகில் புள்ளி இரு பணிகளை ஆற்றி வந்துள்ளது. ஒன்று மெய்யெழுத்தைக் காட்டுவது. மற்றொன்று மூலத்தில் சிதைந்துபோன பகுதியை உணர்த்துவது. புறநானூற்றுப் பதிப்புகளில் சிதைந்த அடிகள் புள்ளிகளால் நிரப்பப்பெற்றுள்ளன. கணினி இதனுடன் மூன்றாவது பொருளையும் சேர்த்தது. உரைதிருத்தி மென்பொருள்களின் தேடல் தொடரில் புள்ளி என்பது ‘எக்குறியாயினும் ஒன்று’ எனப் பொருள்படும் பொதுக்குறியாகும். இம்மூன்றும் ஒரே கோப்பில் கலப்பதால் விளையும் குழப்பம் ஆராயத்தக்கது.

கொச்சி மட்டாஞ்சேரி யூதர்களால் பேணப்பட்டு வந்த பாஸ்கர ரவிவர்மனின் செப்பேடு இதற்கு நல்ல சான்றாகும். கி.பி. 1000ஐ ஒட்டியதாகக் கருதப்படும் இவ்வேடு, இஸ்ஸுப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 வீடுபேறும் அளித்ததைக் கூறுகிறது. ஹுல்ஷ் இதனை ‘எபிகிராபியா இண்டிகா’ மூன்றாம் தொகுதியில் பதிப்பித்தார். வட்டெழுத்தில் புள்ளியிடும் வழக்கு அரிது. எகர ஏகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. எனவே ‘பேறு’, ‘பெறு’ இரண்டும் ஒரே வடிவின. இங்குள்ளது இழப்பன்று, முடிவுசெய்யப்படாமை. புறநானூற்றின் சிதைவோ மீளா இழப்பு. இவ்விரண்டையும் ஒரே குறியால் சுட்டுவது பொருந்தாது.

நடைமுறையில் மேலும் ஓர் இடர் உண்டு. ஒருங்குறியில் ‘பே’ என்பது பகரமும் உயிர்க்குறியுமாக இரு குறிகளால் ஆனது. ஆதலின் ஒரு பொதுக்குறி ஓர் எழுத்துக்கு ஈடாகாது. ‘பெ’, ‘பே’ இரண்டையும் ஒருசேரத் தேடுவோர் பகரத்தை வெளியே நிறுத்தி, உயிர்க்குறிகளை மட்டுமே மாற்றாகத் தரவேண்டும். சிதைவுப் புள்ளிகளைத் தேடுவோரோ அவற்றின்முன் பின்சாய்கோடு இடவேண்டும். இன்றேல் நூல் முழுதும் விடையாக வரும்.

‘விம்’ என்னும் உரைதிருத்தியில் நிரப்புக் குறிகள் திரையில் மட்டுமே தோன்றும்; கோப்பில் சேர்வதில்லை. பதிப்பாசிரியர் கொள்ளவேண்டிய நெறியும் இதுவே. டி.இ.ஐ. குறியீட்டு நெறிகள் விடுபாட்டின் காரணத்தையும் அளவையும் மூலத்தினின்று வேறாகப் பதிய இடந்தருகின்றன. பதிப்பாசிரியர் இடும் மெய்ப்புள்ளியும் அவ்வாறே வேறுபடுத்தப்படல் வேண்டும். இச்செப்பேட்டின் மொழி தமிழா, பழைய மலையாளமா என்னும் விவாதம் இன்றும் நிலவுகிறது. சொல்லிறுதி மெய்யா, உயிர்மெய்யா என்பது அதில் சான்றாகும்போது, குறிப்பின்றி இட்ட ஒரு புள்ளி பதிப்பாசிரியரின் கருத்தைச் செப்பேட்டின் சாட்சியாக்கிவிடும்.