வட்டி தெரியும், அசல்?

சிங்கவரம் ரங்கநாதரைப் பற்றிச் செஞ்சிப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். போருக்குப் போக உத்தரவு கேட்ட தேசிங்கு ராஜாவைப் பார்க்காமல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ராஜா கேட்கவில்லை. 1714-ல் போர்க்களத்தில் உயிரை விட்டார்.

அந்த மலையடிவாரத்தில்தான் அவரைச் சந்தித்தேன். அறுபது வயசு இருக்கும். சர்க்கரைக்காரர். மனைவி கட்டிவந்த சாம்பார் சாதத்தை மூன்றாவது தடவையாகப் போட்டுக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "லோ ஜி.ஐ. அரிசி தம்பி, சுகர் ஏறாது. இன்னிக்கு மாத்திரைகூட வேணாம்னு விட்டுட்டேன்" என்றார்.

பகீரென்றது.

ஜி.ஐ., அதாவது கிளைசெமிக் இண்டெக்ஸ், 1981-ல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொடுத்த கணக்கு. 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கிற அளவுக்கு ஒரு உணவைச் சாப்பிடச் சொல்லி, இரண்டு மணி நேரம் ரத்தத்தைச் சோதிப்பார்கள். குளுக்கோஸுக்கு 100 மார்க். 55 வரை குறைவு, 70-க்கு மேல் அதிகம். நல்ல கணக்குதான். இந்த அரிசியா அந்த அரிசியா என்று பார்க்க உதவும்.

ஆனால் நான் பி.காம். படித்தவன். வட்டி விகிதத்தை மட்டும் சொல்லிவிட்டு அசலைச் சொல்லாதவரை நம்ப மாட்டேன். ஜி.ஐ. என்பது விகிதம். தட்டில் விழுகிற அளவுதான் அசல். ஜி.ஐ. 75 உள்ள சோற்றில் 40 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டால், இரண்டையும் பெருக்கி நூறால் வகுங்கள்: 30. ஜி.ஐ. 55 என்று தைரியமாக 80 கிராம் உள்ளே தள்ளினால் 44! இதற்குக் கிளைசெமிக் லோட் என்று பெயர். பாக்கெட்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் இதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

தர்பூசணி பாவம். பட்டியலில் 70-க்கு மேல் வாங்கிக் கெட்ட பெயர் எடுத்தது. 50 கிராம் மாவுச்சத்து வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். யார் சாப்பிடுகிறார்கள்? ஐஸ்கிரீமோ கொழுப்பின் தயவில் நல்ல மார்க் வாங்கிவிடுகிறது. போதாததற்கு, குழைய வேகவைத்தால் ஒரு எண், பருப்பு, காயோடு சேர்த்தால் வேறு எண். 2015-ல் இஸ்ரேலில் 800 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரே சாப்பாடு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சர்க்கரையை ஏற்றியது.

இதையெல்லாம் அவரிடம் எங்கே சொல்வது? "மாத்திரையை மட்டும் விடாதீங்க சார்" என்றேன். அவர் சிரித்தார். அவர் மனைவி பேசவில்லை. கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து, சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.