மாயத்திற்கும் வரம்புண்டு

2011 முதல் 2019 வரை 8 பருவங்களாக, 73 பகுதிகளாக வெளிவந்த ‘கேம் ஆஃப் திரோன்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முழுமையாகக் கண்டோம். (அதன் ஆபாசக் காட்சிகள் நமக்கு உடன்பாடல்ல, அது வேறு பேச்சு.) முதற் பருவத்தில் அரசன் வடபுலம் சேர ஒரு மாதப் பயணம் வேண்டியிருந்தது. ஏழாம் பருவத்திலோ, பனிப்பாழில் சிக்கியோரின் செய்தி காக்கை வழியே தொலைதூரத் தீவை எட்டி, டிராகன்கள் மீட்க வந்துவிடுகின்றன, நாட்கணக்கே இல்லை! மார்ட்டினின் மூலநூல் 2011இல் வந்த ஐந்தாம் பாகத்தோடு நின்றிருக்க, தொடர் அதனைக் கடந்து ஓடிய காலம் அது.

‘அல்ஃபு லைலா’வின் மீனவனை எண்ணிப் பார்க்கிறோம். நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் வலை வீசுவதில்லை என்பது அவன் நியமம். செத்த கழுதை, மண் நிறைந்த சாடி, ஓட்டாஞ்சில்லுகள் என மூன்று வீச்சும் வீணாகின்றன. நான்காவதில்தான் சுலைமான் நபி (அலை) அவர்களின் முத்திரையிட்ட குடம். அந்த வரம்பன்றோ இஃப்ரீத்தையே நம்பவைக்கிறது!

நாம் எழுத எண்ணியுள்ள தொடரின் நாயகன் ஒரு மாலுமி. காற்றை அழைக்க வல்லவன். அழைக்குந்தோறும் அவனறிந்த பெயர் ஒன்று மறந்துபோகும். முதலில் துறைமுகங்கள், பின்னர்த் தோழர்கள். இறுதிப் பகுதியையே முதலில் எழுதிவிட்டோம்: புயலில் மகளின் கப்பலைக் காக்கக் காற்றை அழைக்கிறான். கரையேறி வந்தவளிடம், “நீ யார் வீட்டுப் பிள்ளையம்மா?” என்கிறான். மூன்றாம் பகுதிதான் இன்னும் நமக்கு வசப்படவில்லை.