டிரம்பெட்டைப் புத்தகம் பார்த்துப் பழகலாமா?

டிரம்பெட் ஒன்றும் தொடக்கநிலை முறைநூல் ஒன்றும் வாங்கி, ஆசிரியர் இல்லாமல் வீட்டிலேயே பழகத் தொடங்குகிறவர்கள் உண்டு. கருவி கடையில் கிடைக்கிறது, புத்தகமும் கிடைக்கிறது. கற்றுத்தரும் ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆகவே இந்த வழியை வேண்டாம் என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் கீபோர்டைப் புத்தகம் பார்த்துக் கற்பதும் டிரம்பெட்டை அப்படிக் கற்பதும் ஒன்றல்ல.

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம்தான் வரும். டிரம்பெட்டில் இருப்பவை மூன்றே வால்வுகள். மூன்றையும் தொடாமல் ஊதினாலே ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், மேல் அந்தர காந்தாரம், மேல் பஞ்சமம் எல்லாம் வரும். எது வரும் என்பது உதட்டின் இறுக்கத்தையும் காற்றையும் பொறுத்தது. விரலுக்கு அதில் பங்கே இல்லை. நாதஸ்வரத்தில் சீவாளி செய்யும் வேலையை இங்கே வாசிப்பவரின் உதடு செய்கிறது. புத்தகமோ முதல் பாடத்தில் ஷட்ஜத்தை எழுதி, வால்வு எதையும் அழுத்த வேண்டாம் என்று படம் போடுகிறது. பழகுபவர் ஊதுகிறார். பஞ்சமம் வருகிறது. அதையே ஷட்ஜம் என்று எடுத்துக்கொண்டு ரிஷபத்துக்குப் போகிறார். முதல் வால்வும் மூன்றாம் வால்வும் அழுத்தியதும் சுரம் மேலே ஏறாமல் கீழே இறங்குகிறது. விரல் புத்தகத்தில் உள்ளபடியேதான் இருக்கிறது. பிழை எங்கே என்று அந்தப் பக்கம் சொல்லாது. பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் முதல் ஊதலிலேயே திருத்தியிருப்பார்.

இது நூலாசிரியர்களின் கவனக்குறைவு அல்ல. ரூபாங்க், எசென்ஷியல் எலிமென்ட்ஸ் போன்ற புகழ்பெற்ற தொடக்க நூல்கள் அமெரிக்கப் பள்ளி பேண்டு வகுப்புகளை மனத்தில் வைத்து வளர்ந்தவை. வகுப்பில் ஆசிரியர் முன்னால் நிற்கிறார், ஊதிக் காட்டுகிறார், ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்க்கிறார். அவர் சொல்லப்போவதைப் புத்தகம் எழுத வேண்டியதில்லை. தனியாகப் படிப்பவர் கையில் அந்த நூல் போய்ச் சேரும்போது, ஆசிரியருக்கென்று விடப்பட்ட இடமெல்லாம் வெற்றிடமாக நிற்கிறது.

இத்தனை சொன்னாலும் இந்த நூல்களின் பாட வரிசையை நான் மனமாரப் போற்றுகிறேன். புதிதாக ஊதுபவரின் உதடு சில நிமிடங்களில் களைத்துவிடும். அதை அறிந்தே முதலில் நீண்ட சுரங்கள், இடையிடையே ஓய்வு, பிறகு ஐந்து சுரங்களுக்குள் அடங்கும் சின்ன மெட்டுகள் என்று அடுக்கியிருக்கிறார்கள். தானாக ஊதிப் பார்ப்பவர் முதல் வாரமே உச்சத்தை எட்டப் பார்ப்பார். புத்தகம் அவரைக் கீழ்ச் சுரங்களிலேயே நிறுத்தி வைக்கிறது. இது பெரிய உதவி. இசைக்குறிப்பைப் படிப்பதும் தாளத்தை எண்ணுவதும் இதன் வழியே கூடவே வந்துவிடுகின்றன.

குறிப்பைப் படிக்கத் தெரியாததன் விலையை ஜாஸ் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்கின் வாழ்க்கையில் பார்க்கலாம். அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட்டில் 1903இல் பிறந்தவர். ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே, டிரம்பெட்டை ஒத்த கார்னெட்டைத் தானாகக் கற்றார். அவர் விரல் போட்ட முறை எந்த நூலிலும் சொன்னபடி இல்லை. அவருடைய நாதமோ ஜாஸ் வரலாற்றிலேயே மிக அழகானவற்றுள் ஒன்று. அப்படிப்பட்டவர் 1924இல் ஜீன் கோல்ட்கெட்டின் குழுவில் சேர்ந்தபோது, குறிப்பைச் சரளமாகப் படிக்க முடியாததால் விரைவிலேயே வெளியேற வேண்டியிருந்தது. புத்தகம் தரக்கூடியது அவரிடம் இல்லை. புத்தகம் தர முடியாத காது அவரிடம் இருந்தது. தானே கற்கும் நம்மில் பலருக்கு அந்தக் காது முன்னதாக அமைந்திருப்பதில்லை.

காதைப் பற்றிச் சொல்ல இன்னொன்று இருக்கிறது. மேலே சொன்ன ரிஷபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வால்வும் குழலோடு கொஞ்சம் நீளத்தைச் சேர்க்கிறது. ஒன்றை அழுத்தியபின் குழல் ஏற்கெனவே நீண்டுவிடுகிறது. அடுத்த வால்வு சேர்க்கும் நீளம் அந்தப் பெரிய குழலுக்குப் போதாது. அதனால் ஒன்றும் மூன்றும் சேர்ந்த ரிஷபம் இயல்பிலேயே சுருதிக்கு மேலே நிற்கும். மூன்றாம் வால்வின் ஸ்லைடை விரலால் வெளியே தள்ளி அதைச் சரிசெய்ய வேண்டும். ரிஷபமோ தொடக்கப் பாடங்களிலேயே வந்துவிடுகிறது. ஸ்லைடைப் பற்றிய பேச்சு பல நூல்களில் வெகு பின்னால்தான் வரும். அதுவரை பழகுபவரின் காதில் பதிவது சுருதி விலகிய ரிஷபம். தம்புராவோடு வளர்ந்த நமக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றக் கூடாது. தவிர, வழக்கமான டிரம்பெட் பி-பிளாட் கருவி. அதன் புத்தகத்தில் 'சி' என்று எழுதியதை ஊதினால் கீபோர்டின் பி-பிளாட்தான் ஒலிக்கும். வகுப்பில் அவரவர் கருவிக்கு ஏற்ற குறிப்பைத் தந்துவிடுவதால் அங்கே இந்தச் சிக்கல் எழாது. வீட்டில் தம்பியின் கீபோர்டோடு சேர்ந்து வாசிக்க உட்காருபவர் திகைத்துப் போவார்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது உதடு. மேல்ஸ்தாயி வராதபோது மவுத்பீஸை உதட்டோடு அழுத்துவது எல்லாருக்கும் இயல்பாக வரும் பழக்கம். அழுத்தினால் சுரம் வந்துவிடும், அதுதான் ஆபத்து. வந்த சுரத்தைப் பார்த்துப் பழகுபவர் மகிழ்கிறார். எப்படி வந்தது என்று கேட்க ஆள் இல்லை. லூயி ஆம்ஸ்ட்ராங்கே உதட்டுக் காயத்தால் 1930களின் நடுவில் மாதக்கணக்கில் வாசிப்பை நிறுத்த வேண்டியிருந்தது. உதட்டைச் சுற்றிய தசை கிழிவதற்கு மருத்துவர்கள் அவருடைய செல்லப்பெயரை வைத்து 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்றே சொல்கிறார்கள். டியூனர் செயலி சுருதியைக் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது.

மலிவாகக் கிடைக்கிறது, பெரிய பெயர் என்று ஆர்பானின் நூலிலேயே தொடங்குபவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில் உறுதியாக 'வேண்டாம்' என்பதுதான். 1864இல் வந்த அந்த நூல் பின்னாளில் பாரிஸ் கன்சர்வேட்டரியில் கார்னெட் பேராசிரியராக இருந்தவர் எழுதியது. டிரம்பெட்காரர்கள் அதைத் தங்கள் வேதம் என்பார்கள். முந்நூறு பக்கத்துக்கு மேல் நீளும் அதில் தொடக்கப் பாடங்கள் சில பக்கங்களிலேயே கடினமாகிவிடுகின்றன. மவுத்பீஸில் மூன்றில் இரண்டு பங்கு கீழுதட்டில் இருக்க வேண்டும் என்கிறார் ஆர்பான். அது அவருக்குப் பொருந்திய முறை. பல்லும் தாடையும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் இன்றைய ஆசிரியர்கள் பலர் மாணவனின் முகத்தைப் பார்த்த பிறகே இடம் சொல்கிறார்கள். அச்சிட்ட பக்கத்தால் எவர் முகத்தையும் பார்க்க முடியாது.

ஆகவே புத்தகத்தை வாங்குங்கள். அதோடு நான்கைந்து பாடங்களுக்கான பணத்தையும் தனியே எடுத்து வையுங்கள். உங்கள் ஊர்த் தேவாலய பேண்டிலோ, கல்யாண பேண்டு செட்டிலோ, ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டுக்காரர்களிலோ டிரம்பெட் ஊதும் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவருக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாமல் இருந்தாலும் பரவாயில்லை, அதைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். முதல் மாதம் முடிவதற்குள் அவர் முன்னால் நின்று ஊதி, உங்கள் உதட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.