வாடகை கொடுப்பவர் யார்?

கதைமாந்தரைக் கூண்டில் நிறுத்தி வினாத் தொடுப்பது சுவைஞர்க்குப் புதிய வழக்கமன்று. வாலியை இராமன் மறைந்துநின்று எய்தது ஏன் என்ற வினா நமது பட்டிமண்டபங்களில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இன்று அவ்வழக்கம் தொலைக்காட்சித் தொடர்களின் பக்கமும் திரும்பியிருக்கிறது. பாத்திரம் இவ்வாறு நடந்துகொண்டது எதனால்? முந்திய அங்கத்திற் சொன்னதற்கும் இந்த அங்கத்திற் சொல்வதற்கும் பொருத்தம் யாது? இவ்வாறு கேட்போரைக் கண்டு படித்தவர் சிலர் நகைக்கின்றனர். வேலையற்றோரின் வீண் ஆராய்ச்சி என்பது அவர்தம் தீர்ப்பு. அத்தீர்ப்பு நேரியதா என்பதை ஒரு தொடரை முன்வைத்து ஆராய்வதே நமது நோக்கம்.

அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனம் 1994 செப்டெம்பர் 22 முதல் 2004 மே 6 வரை ஒளிபரப்பிய 'பிரெண்ட்ஸ்' என்னும் நகைச்சுவைத் தொடரை நம் வாசகரிற் பலர் அறிவர். டேவிட் கிறேன், மார்த்தா கௌஃப்மன் ஆகியோர் உருவாக்கிய இத்தொடர் பத்துப் பருவங்களில் 236 அங்கங்களாக விரிந்தது. நியூயோர்க்கின் மன்ஹற்றன் பகுதியில் வாழும் இளைஞர் மூவர், யுவதியர் மூவர் ஆகியோரின் நட்பும் காதலுமே கதை. மொனிக்கா உணவுச்சாலைச் சமையற்காரி. றேச்சல் தொடக்கத்திற் கோப்பிக் கடையிற் பரிமாறுபவள். பீபீ உடம்பு பிடித்துவிடுபவள். ஜோயி வாய்ப்புத் தேடி அலையும் நடிகன். றொஸ் தொல்லுயிரியல் அறிஞன். சாண்ட்லர் அலுவலக உத்தியோகத்தன். இவர்களைப் பற்றி இரசிகர் ஓயாது எழுப்பும் வினாக்களில் மூன்றை எடுத்துக்கொள்வோம். இத்துணைப் பெரிய வீட்டுக்கு மொனிக்காவால் வாடகை கொடுக்க முடிந்தது எப்படி? சாண்ட்லர் செய்யும் தொழில்தான் என்ன? றொஸ் வேறொருத்தியுடன் கூடியபோது அவனும் றேச்சலும் பிரிந்திருந்தார்களா, இல்லையா?

இத்தகைய வினாக்களை இலக்கியத் திறனாய்வு ஒருமுறை விசாரித்துத் தண்டித்ததுண்டு. 1904இல் ஏ. சி. பிராட்லி ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களைப் பற்றி எழுதிய நூலில், பாத்திரங்களை உயிருள்ள மனிதராகவே கொண்டு, நாடகத்துக்கு வெளியே அவர்கள் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்வையும் ஊகிக்க முற்பட்டார். 1933இல் எல். சி. நைற்ஸ் தமது கட்டுரையொன்றுக்கு 'மக்பெத் சீமாட்டிக்குப் பிள்ளைகள் எத்தனை?' என்று தலைப்பிட்டு, அத்தலைப்பினாலேயே அம்முறையை எள்ளி நகையாடினார். நாடகம் சொற்களால் ஆனது. அச்சொற்களுக்கு அப்பாற் சீமாட்டியும் இல்லை, அவள் பிள்ளைகளும் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தில் உண்மை உண்டு; எனினும் அது பாதி உண்மையே. பாத்திரம் படைப்புக்கு வெளியே வாழ்வதில்லை. ஆனால் அப்பாத்திரம் காலூன்றி நிற்கும் சமுதாயம் படைப்புக்கு வெளியே வாழ்கிறது. சீமாட்டியின் பிள்ளைகளை எண்ணுவதற்கு உலகில் எங்கும் பதிவேடு இல்லை. மன்ஹற்றன் வீட்டு வாடகைக்கோ பதிவேடு உண்டு, சட்டம் உண்டு, அச்சட்டத்தின் பொருட்டு நடந்த போராட்டமும் உண்டு. ஆகவே வாடகையைப் பற்றிக் கேட்கும் இரசிகர் கற்பனையை நிஜமென்று மயங்கியவர் அல்லர். கற்பனை எவ்விடத்தில் நிஜத்தை மூடுகிறது என்பதைத் தம்மை அறியாமலே சுட்டிக்காட்டியவர் அவர்.

தொடர் இவ்வினாவுக்கு விடையொன்று வைத்திருக்கிறது. வீடு மொனிக்காவின் பாட்டிக்குரியதாக இருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வாடகை குறைவு. பேத்தி சட்டத்துக்குப் புறம்பாகவே அதிற் குடியிருக்கிறாள். 1997 ஒக்டோபரில் ஒளிபரப்பான அங்கமொன்றிற் கட்டடப் பராமரிப்பாளர் இதனை வெளிப்படுத்திவிடுவதாக மிரட்டுகிறார். நடனம் பழக விரும்பும் அவருக்கு ஜோயி துணையாக ஆடுகிறான், பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததன்று. முதலாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் நியூயோர்க்கின் குடியிருப்பாளர் வாடகை கொடுக்க மறுத்து நடத்திய போராட்டங்களே 1920ஆம் ஆண்டு வாடகைச் சட்டங்களுக்கு வழிகோலின. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கட்டுப்பாடு மீண்டும் வந்தது. 1997 ஜூனில், மேற்சொன்ன அங்கம் ஒளிபரப்பாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், வாடகைப் பாதுகாப்பை நீடிப்பதா ஒழிப்பதா என்று அம்மாநிலச் சட்டமன்றத்திற் கடும் இழுபறி நிகழ்ந்தது. பாதுகாப்பு நீடித்தது, ஆயினும் வலுக்குன்றியே நீடித்தது. இலட்சக்கணக்கான குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுத்த ஒரு விஷயம் தொடரில் நடனப் பாடமாகச் சுருங்கிவிட்டது. மக்கள் கூட்டாகப் போராடிப் பெற்ற உரிமை, பாட்டி வழியே வந்த அதிர்ஷ்டமாக உருமாறிவிட்டது.

இரண்டாவது வினாவும் இத்தகையதே. 1998 ஜனவரியில் ஒளிபரப்பான அங்கத்தில் நண்பர்களிடையே ஒரு வினாவிடைப் போட்டி நடக்கிறது; பணயம் அந்த வீடேதான். சாண்ட்லரின் தொழில் என்ன என்ற கேள்விக்கு விடை தெரியாது மொனிக்காவும் றேச்சலும் வீட்டை இழக்கின்றனர். றேச்சல் அகராதியில் இல்லாத ஒரு சொல்லைச் சிருஷ்டித்துக் கூவுவது இத்தொடரின் மிகச் சிறந்த நகைச்சுவைகளுள் ஒன்று. நாமும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியபின் எஞ்சுவது என்ன? நாள்தோறும் கூடியுண்ணும் நண்பன் பகலெல்லாம் என்ன செய்கிறான் என்பதை அவனது உற்றாரே அறியார். உழைப்பவனிடமிருந்து உழைப்பு அந்நியமாகிவிட்ட நிலையை இதனினும் சுருக்கமாகக் காட்டுவது அரிது. தொடரோ அதைக் காட்டிவிட்டு அடுத்த வேடிக்கைக்கு விரைகிறது.

மூன்றாவது வினா காதலைப் பற்றியது. உழைப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தோன்றும். 1997 பெப்ரவரியில் வெளியான அங்கத்தை மீண்டும் பார்த்தால் அத்தோற்றம் கலைந்துவிடும். பரிமாறும் வேலையை விட்டு, பெரிய துணிமணி அங்காடியொன்றில் தான் விரும்பிய உத்தியோகத்தை றேச்சல் அப்போதுதான் பெற்றிருக்கிறாள். காதலின் ஆண்டு நிறைவு நாளன்றும் இரவு வரை வேலை அவளை விடுவதில்லை. உணவுக் கூடையுடன் அலுவலகத்துக்கே வந்துவிடுகிறான் றொஸ். உடன்வேலை செய்யும் ஆடவன் மீதுள்ள பொறாமையும், தன் வேலை தனக்கு முக்கியம் என்று ஒரு பெண் கூறுவதைத் தாங்காத மனமும் அன்றிரவு சண்டையாக வெடிக்கின்றன. 'பிரிந்திருந்தார்களா?' என்று நாட்காட்டியைப் புரட்டுவோர் இதனைக் காண்பதில்லை. பெண்ணின் உழைப்புக்கும் ஆணின் உடைமை உணர்வுக்கும் நேர்ந்த மோதலே பிரிவின் மூலகாரணம். அன்றிரவு றொஸ் நாடிச் சென்றவள் பிரதியெடுக்கும் கடையில் வேலைசெய்யும் ஒரு பெண். அவளது மனநிலையைப் பற்றிக் கேட்போர் எத்துணைச் சிலர்!

தொடருக்கு நாம் அநீதி இழைத்தலாகாது. 1995 ஒக்டோபரில் வெளியான ஓர் அங்கம், அறுவரில் மூவர் வசதி பெற்றோர், மூவர் வசதியற்றோர் என்பதை வெளிப்படையாகவே பேசியது. உணவுச்சாலைக் கட்டணத்தைச் சமமாகப் பிரிக்கும்போது, குறைவாக உண்டவர் முகஞ்சுளிக்கும் காட்சியில் யதார்த்தத்தின் ஒளி உண்டு. அதே அங்கத்தின் முடிவில் மொனிக்கா வேலையை இழக்கிறாள். பின்னர் பல அங்கங்களுக்கு நிலையான வேலையின்றி இருக்கிறாள். வீடு மட்டும் அசையவில்லை. உண்மையின் வாயில்வரை வந்து திரும்பிவிடுவதே இத்தொடரின் இயல்பு.

நகைச்சுவையில் இவற்றையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று சிலர் வினவக்கூடும். எதிர்பார்க்கலாம் என்பதே நமது விடை. 1955–56இல் வெளிவந்த 'ஹனிமூனர்ஸ்' தொடரின் நாயகன் புறூக்ளினில் பஸ் சாரதி. அவனது வெறுமையான சமையலறையே அந்நகைச்சுவையின் களம். 1988 முதல் 1997 வரை ஓடிய 'றொசான்' தொடர் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் கடன்பட்டியல்களிலிருந்தே சிரிப்பை விளைவித்தது. அங்கே வாடகையை எப்படிக் கட்டுவார்கள் என்று இரசிகர் கேட்க வேண்டியிருக்கவில்லை. படைப்பே அவ்வினாவைக் கேட்டது.

இன்னொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். 'பிரெண்ட்ஸ்' நடிகர் அறுவரும் 1996இல் தனித்தனியே பேரம்பேச மறுத்து, சம ஊதியம் கோரி ஒன்றாகவே நின்றனர். இறுதி இரு பருவங்களில் அங்கமொன்றுக்கு ஆளுக்குப் பத்து இலட்சம் டொலர் பெற்றனர். அவர்களைத் தொழிலாளர் என்று நாம் கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் ஒற்றுமையின் வலிமையை, திரையிற் காட்டிய நட்பைவிடத் திரைக்குப் பின்னால் அவர்கள் செய்த பேரமே தெளிவாகக் காட்டியது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. 'இவனுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?', 'இவள் ஏன் அப்படிச் செய்தாள்?' என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்பானாயின், அது பாடத்துக்குப் புறம்பானதென்று அவனை அமர்த்திவிடலாகாது. அவ்வினாவைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓரடி நடக்கும்படி அவனை ஊக்குவிக்க வேண்டும். பாத்திரத்தின் பையிலிருந்து தொடங்கும் விசாரணை அப்பாத்திரத்தைப் படைத்த சமுதாயத்தின் கணக்கேட்டில் முடிவடையும். அதுவரை அவனோடு நடப்பது நம் கடமையாகும்.