மணி அலறும் அந்த நொடிகள்

‘சிட்டிசன்ஃபோர்’ ஆவணப்படம் என்றதும், அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடன் தலையில் சிவப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு கடவுச்சொல் தட்டும் காட்சியைத்தான் பலரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிது தீ எச்சரிக்கை மணி அலறும் இடம்.

2013 ஜூன், ஹாங்காங் மிரா ஹோட்டல் அறை. பேச்சின் நடுவே மணி அலறுகிறது, ஓய்கிறது, மறுபடி அலறுகிறது. ஸ்னோடன் வரவேற்பறைக்குப் போன் போட்டுக் கேட்கிறார். பராமரிப்புச் சோதனைதானாம். அதை நம்புவதா? அந்தத் தவிப்பில் இயக்குநர் லாரா போய்ட்ராஸ் கத்தரி வைக்கவில்லை. விளக்கக் குரலும் குறுக்கே வரவில்லை. கேமராவைப் பிடித்திருந்தவரும் அவரே. உள்ளே இருந்தவர்களுக்கு வந்த ஆபத்து அவருக்கும்தான். 2015இல் ஆஸ்கர் கிடைத்ததை விடுங்கள், அந்த நொடிகளை விட்டுவைத்த துணிச்சலுக்கே நான் கும்பிடு போடுவேன்.

விறுவிறுப்பு வேண்டுமென்று, ஸ்னோடனைப் பற்றிய ஆலிவர் ஸ்டோனின் 2016 படத்தைச் சிபாரிசு செய்யும் நண்பர்கள் உண்டு. பென்டகன் ஆவணங்களைக் கசியவிட்ட எல்ஸ்பெர்க்கைப் பற்றிய 2009 ஆவணப்படமே உயர்ந்தது என்போரும் உண்டு. நல்ல படம்தான். ஆனால் அந்த ஆவணங்கள் வெளியானது 1971இல். அங்கே பயம் பழங்கதையாகிவிட்டது. இங்கே அது கண்ணெதிரே நடக்கிறது.

தோட்டத் திடலில் பெனராங்கான் (தகவல் இலாகா) வண்டி வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், விளக்கக் குரல் மூச்சு விடாமல் பேசும். புக்கிட் செந்தோசா வீட்டு வரவேற்பறையில் இன்று பார்க்கும் ஆவணப்படங்களோ டிரோன் காட்சியும் முரசொலியுமாக நம்மை விரட்டுகின்றன. 1எம்டிபி நிதி மோசடி பற்றிய ‘மேன் ஆன் தி ரன்’ பார்த்தபோதும், அதில் தேடப்படும் ஜோ லோவின் ஆடம்பரம்தான் கண்ணை நிறைத்தது.

எனக்கு வேண்டியது நோர் சால்வானியைப் பற்றிய படம். தேசியத் தணிக்கைத் துறை அதிகாரி. 2016 பிப்ரவரியில், 1எம்டிபி தணிக்கை அறிக்கையைத் திருத்துவது பற்றிய கூட்டத்துக்குள் பென்சில் பெட்டியில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்து அனுப்பினார். அழிக்கச் சொன்ன பிரதிகளில் ஒன்றைக் காப்பாற்றி வைத்தார். அறிக்கை அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டப்பட்டு, 2018 மே மாதம்தான் திறக்கப்பட்டது. திருத்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 2023இல் விடுதலையானார்கள். அதனால் அவர் செய்தது சிறிதாகிவிடாது.

கேமராவும் கையுமாகத் திரியும் நம் பிள்ளைகளில் யாராவது இதை எடுங்கள். அந்தப் பெட்டி கூட்ட அறைக்குள் கிடந்த நேரத்தை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.