பூங்காவில் பறையும் கூத்தும்: சென்னை சங்கமம் குறித்த ஒரு மதிப்பீடு

1927-இல் சென்னையில் நடந்த காங்கிரசு மாநாட்டையொட்டிய இசை மாநாட்டின் விளைவாக 1928-இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. அதன்வழி வேரூன்றிய மார்கழி இசைவிழாவின் அடையாளங்கள் அரங்கமும் நுழைவுச்சீட்டும் ஆகும். இதற்கு மாறாக, 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், நாட்டார் கலைகளை மாநகரின் பூங்காக்களுக்குக் கட்டணமின்றிக் கொண்டுவந்தது. இடையில் நின்றுபோன இவ்விழா 2023-இல் அரசு விழாவாக மீண்டது. ‘கலையை மக்களிடம் சேர்த்தது’ என்னும் பாராட்டு இவ்விழாவை மதிப்பிடப் போதுமானதன்று. அது எல்லாக் கலைகளையும் ஒரே வகையில் மாற்றவில்லை என்பது நோக்கத்தக்கது.

பறை, சாவுச் சடங்கோடும் சாதிவழிக் கட்டாய ஊழியத்தோடும் பிணைக்கப்பட்டிருந்த கருவி. பூங்காவில் அது ஒலிக்கும்போது கலைஞர் ஏவலாளராக அன்றி, அழைக்கப்பட்டவராக நிற்கிறார். இங்குச் சூழல் மாற்றம் விடுதலையாகிறது.

தெருக்கூத்தின் நிலை வேறு. திரௌபதியம்மன் கோயில் பாரத விழாவில் விடிய விடிய நிகழும் அக்கலையில் கட்டியங்காரனின் எள்ளலும் பாத்திரங்களின் தர்க்கமும் இரவின் நீளத்திலேயே வளர்கின்றன. பல நிகழ்ச்சிகளுள் ஒன்றாகக் குறுகிய நேரத்திற்குள் அடக்கப்படும்போது வேடமும் அடவும் எஞ்சுகின்றன, கதை நழுவுகிறது. கூத்து காட்சிப்பொருளாகச் சுருங்குகிறது. இங்குச் சூழல் மாற்றம் இழப்பாகிறது.

எனவே, நாட்டார் கலை சூழலை விட்டுப் பெயர்ந்தாலே சிதையும் என்னும் பொதுக்கூற்றும், மேடையேற்றமே மேம்பாடு என்னும் எதிர்க்கூற்றும் ஒருசேரப் பொருந்தாதவை. பறைக்குத் தேவைப்பட்டது இடம்; கூத்துக்குத் தேவைப்படுவது காலம். சங்கமம் இடத்தைத் தந்தது. ஒரு பூங்காவில் ஓர் இரவு முழுவதையும் ஒரே கூத்துக்கு ஒதுக்கினால் காலத்தையும் தந்ததாகும்.